கரண்ட் வைக்கும்போது ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

வாசகியின் கடிதம்

காவிரி டெல்டாவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 49. கணவருக்கு 54, பேருந்து ஓட்டுநர், இருபது வருடங்களுக்கு மேல் பீடியும் சிகரெட்டும் பழக்கம். கன்னத்தின் உட்புறம் ஆறாமல் இருந்த புண் புற்றுநோய் என்று தெரிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்னும் பத்து நாளில் கதிர்வீச்சு, அதாவது பேச்சு வழக்கில் 'கரண்ட் வைப்பது', ஆரம்பம். ஆறு வாரத்தில் முப்பது தடவை, கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி.

இதற்கிடையில் நாத்தனார் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சங்கிலி விற்பனை முறையில் விற்கப்படும் மாத்திரை, ஒரு டப்பா 3,800 ரூபாய். "புற்றுநோய்க்குக் காரணமே ஃப்ரீ ராடிக்கல்தான், கரண்ட் வைத்தால் அது இன்னும் பெருகும், அதை அழிக்க இது கட்டாயம் வேண்டும், முழுக்க இயற்கை என்பதால் பக்கவிளைவே கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். கதிர்வீச்சை ஒரு மாதம் தள்ளிவைத்து முதலில் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றும் ஒரு பேச்சு வீட்டில் ஓடுகிறது. காலையில் நெல்லிக்காய் ஜூஸ், இரவில் மஞ்சள் பால் ஏற்கெனவே நடக்கிறது. இதய வால்வு மாற்று ஆபரேஷன் செய்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் என்ற மருந்தைச் சாப்பிடும் மாமியாரும் மகளின் பேச்சைக் கேட்டு அதே மாத்திரையை எடுத்துக்கொள்கிறாராம். "மருத்துவரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார். டப்பாவின் லேபிளையும் வரி விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறார். அதற்குத் தனியாக நன்றி.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். கதிர்வீச்சு முடிந்த பிறகும் அதைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். கதிர்வீச்சை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அதே சமயம் கீரை, தக்காளி, கொய்யா, சமையல் மஞ்சள் எதையும் நிறுத்தத் தேவையில்லை. சாப்பாட்டில் இருந்தால் நல்லது, மாத்திரையில் இருந்தால் கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் நாத்தனார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஃப்ரீ ராடிக்கல் என்பது ஜோடி இல்லாத ஓர் எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறு. ஜோடி சேர்வதற்காகப் பக்கத்தில் இருப்பதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்தது இப்போது தானே ஒரு ராடிக்கல் ஆகிவிடும், அது அடுத்ததிடம் பிடுங்கும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அங்கே இது தொடங்கினால் சங்கிலியாகப் போய்க்கொண்டே இருக்கும். ரொம்ப நாள் திறந்து வைத்த கடலை எண்ணெயில் காறல் வாடை வருவதும் இதே வேதிவினையால்தான். டிஎன்ஏவில் இது நடந்தால் மரபணுவில் பிழை விழும். அப்படிப் பல பிழைகள் சேர்ந்து புற்றுநோய்க்கு வழி வகுக்கலாம். பீடிப் புகையின் ஒவ்வொரு இழுப்பிலும் இந்த ராடிக்கல்கள் ஏராளமாக உள்ளே போகின்றன.

ஆன்டிஆக்ஸிடன்ட் இதை எப்படி அடக்குகிறது? வைட்டமின் ஈ கொழுப்பில் கரையக்கூடியது, செல் சவ்வுக்குள்ளேயே இடம் பிடித்திருக்கும். ராடிக்கல் பக்கத்திலுள்ள கொழுப்பைத் தாக்கும் முன்பே, தன்னிடமுள்ள ஒரு ஹைட்ரஜனை அதற்குக் கொடுத்துச் சங்கிலியை அறுத்துவிடும். கொடுத்த பிறகு வைட்டமின் ஈயும் ஒரு ராடிக்கல்தான். ஆனால் அது சாது, சட்டென்று யாரையும் தாக்காது. அதை வைட்டமின் சி பழைய நிலைக்குக் கொண்டுவரும். வைட்டமின் சியை நம் உடலின் குளுட்டதயோனும் சில நொதிகளும் மீட்டெடுக்கும். இப்படிக் கைமாற்றிக் கைமாற்றித்தான் வேலை நடக்கிறது. இதில் ஒன்றை மட்டும் தேவைக்குப் பல மடங்கு கொட்டினால் பாதுகாப்பும் பல மடங்கு ஆகிவிடாது. சில சூழ்நிலைகளில் அதே பொருள் எதிர்வேலை செய்வதும் உண்டு.

இன்னொன்று, நம் பாதுகாப்பின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதே இல்லை. சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூடேஸ் என்ற நொதியை 1969-ல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். அதுவும் கேட்டலேஸும் குளுட்டதயோன் பெராக்ஸிடேஸும் நம் செல்களே தயாரிப்பவை. அவற்றுக்கு வேண்டிய துத்தநாகம், தாமிரம், மாங்கனீஸ், செலினியம் எல்லாம் சாதாரணச் சாப்பாட்டில் சிறிய அளவில் கிடைத்துவிடும்.

இப்போது நாத்தனார் சொன்னதில் தவறான பாதிக்கு வருகிறேன். ஃப்ரீ ராடிக்கல் எல்லாமே விஷம் இல்லை. நம் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கியதும் அதன்மேல் ராடிக்கல்களைக் கொட்டித்தான் கொல்கின்றன. இந்தத் திறன் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தீராத தொற்றுகள் வந்துகொண்டே இருக்கும். ரத்தக் குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்ஸைடும் ஒரு ஃப்ரீ ராடிக்கல்தான். அதன் வேலையைக் கண்டறிந்ததற்கு 1998-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அளவோடு இருக்கும் ராடிக்கல் உடலுக்குத் தேவை.

கரண்ட் என்ன செய்கிறது?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்த வரி: "கரண்ட் வைத்தால் ஃப்ரீ ராடிக்கல் உண்டாகுமாமே, அப்படியென்றால் மாத்திரை இன்னும் அவசியம்தானே?" உண்டாகும் என்பது உண்மை. உண்டாக வேண்டும் என்பதற்காகத்தான் கரண்டே வைக்கிறோம்.

எக்ஸ் கதிர் உடலுக்குள் போகும்போது அதிகம் சந்திப்பது தண்ணீரைத்தான், ஏனென்றால் செல்லில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்ஸில் ராடிக்கல் பிறக்கிறது. அதன் ஆயுள் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏவை அது தாக்கிவிடும். எக்ஸ் கதிர் புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏவுக்குச் செய்யும் சேதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியாகத்தான் நடக்கிறது. அடிபட்ட இடத்தில் ஆக்ஸிஜன் வந்து சேர்ந்துகொண்டால் அந்தச் சேதம் நிலைத்துவிடும், செல் மீள முடியாது. அந்த இடத்துக்கு ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டால் சேதம் சரியாகிவிடும், செல் தப்பித்துவிடும். அந்தச் செல் நல்லதா, புற்றுநோயா என்று மாத்திரைக்குத் தெரியாது. இரண்டையும் காப்பாற்றும்.

சாதாரண நாளில் நல்லது செய்கிற அதே குணம், இந்த ஆறு வாரத்தில் நோயின் பக்கம் சேர்ந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. என் கவலை முழுக்க இதில்தான்.

ஏட்டுக் கணக்கோடு இது நிற்கவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், உங்கள் கணவரைப் போல வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த 540 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வைட்டமின் ஈ 400 யூனிட், பீட்டா கரோட்டின் 30 மில்லிகிராம். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பீட்டா கரோட்டினைப் பாதியிலேயே கைவிட்டுவிட்டு வைட்டமின் ஈயை மட்டும் தொடர்ந்தார்கள். 2005-ல் முடிவுகள் வெளியாயின. இரண்டு வைட்டமினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு வாய்ப்புண் போன்ற கடும் பக்கவிளைவுகள் குறைந்தன. ஆனால் வைட்டமின் எடுத்தவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது கூடுதலாக இருக்கும் போக்கும் தெரிந்தது. அந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ளவும் முடியவில்லை, உறுதி என்று சொல்லவும் முடியவில்லை. அடுத்த வருடம் வந்த ஆய்வறிக்கையில் வைட்டமின் ஈ குழுவில் மரணங்கள் அதிகம் என்று தெரிந்தது. சிகிச்சையின்போது புகைபிடித்தவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் என்பதும் பின்னால் வெளியானது. புண் குறைகிறது என்று சந்தோஷப்பட்டு நோயைத் திரும்ப விட்டுவிட முடியுமா?

அதனால்தான் தள்ளிவைக்கும் யோசனையையும் உடனே கைவிடச் சொல்கிறேன். இந்த வகைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து சுமார் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு ஆரம்பித்துவிட வேண்டும். தாமதமானால், கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கும் செல்கள் பெருகும். நடுவில் ஒரு நாள், இரண்டு நாள் விட்டாலும் அதே பிரச்சினைதான். தீபாவளி, கல்யாணம், காரியம் எதுவானாலும் கரண்ட் வைக்கும் நாளைத் தவறவிடக் கூடாது.

கரண்டால் புதிதாகப் புற்றுநோய் வராதா என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. மிகச் சிறிய அளவில், பல வருடங்கள் கழித்து வரும் வாய்ப்பு உண்டு. இப்போது சிகிச்சை எடுக்காவிட்டால் இந்த நோய் திரும்பும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது.

"இயற்கைதானே, என்ன ஆகிவிடும்?"

நீங்கள் எழுதி அனுப்பிய லேபிளையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாத்திரையில் வைட்டமின் சி 1,000 மில்லிகிராம். ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும் என்பது 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொன்ன அளவு. வைட்டமின் ஈ 400 யூனிட், கியூபெக்கில் கொடுத்த அதே அளவு. அதன் பெயருக்கு முன்னால் "டிஎல்" என்று எழுத்து இருப்பதை நீங்களே குறித்திருக்கிறீர்கள். டிஎல் ஆல்ஃபா டோக்கோஃபெரில் என்றால் அது தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரித்த வைட்டமின் ஈ. "முழுக்க இயற்கை" என்ற விளம்பரம் அந்த இடத்திலேயே பொய்யாகிவிடுகிறது.

அடுத்த வரியைப் பார்த்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம். கேரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பார்த்து, இதை மாத்திரையாகக் கொடுத்தால் புகைப்பவர்களைக் காப்பாற்றலாம் என்று நம்பினார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் வந்த முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் புகைப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேருக்கு இதைவிடக் கூடிய அளவு பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏவையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 28 சதவீதம் அதிகம். அந்த ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் கணவர் இருபது வருடம் புகைத்தவர். இந்த ஒரு வரிக்காகவே அந்த மாத்திரை அவருக்கு ஆகாது, கதிர்வீச்சு முடிந்த பிறகும் ஆகாது.

மீதி இருப்பது கிரீன் டீ சாறும், மிளகுச் சத்து சேர்த்த குர்க்குமினும் (மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த சத்து). செறிவூட்டிய நிலையில் இரண்டுமே சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. மிளகின் பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடும். சிஸ்பிளாட்டின் ஊசியே சிறுநீரகத்துக்குச் சுமைதான். அதோடு தினம் ஒரு கிராம் வைட்டமின் சி சேர்ந்தால், உடல் அதில் ஒரு பகுதியை ஆக்சலேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளும், கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும்.

நெல்லிக்காய், மஞ்சள், கீரை

முழுக் காயிலோ பழத்திலோ ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட் தனியாக இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான பொருள்கள் சிறுசிறு அளவில், நாரோடு சேர்ந்து வருகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் அந்த மாத்திரையின் அளவை எட்டுவது கஷ்டம். அதனால்தான் சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தக்காளியின் லைகோபீன் எண்ணெயில் வதங்கும்போது நன்றாக உடலில் சேரும். கேரட்டும் கீரையும் அப்படித்தான், ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ வேண்டும். நம் வீட்டுச் சமையல் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. இரவில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்ட பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

நெல்லிக்காயில் மட்டும் ஒரு விஷயம். நடுத்தர அளவில் ஒரு காய் சாப்பிட்டாலே அன்றைய வைட்டமின் சி தேவை ஏறக்குறைய தீர்ந்துவிடும், டம்ளர் டம்ளராக ஜூஸ் தேவையில்லை. அதுவும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாயின் உள்தோல் சிவந்து உரிய ஆரம்பிக்கும். அப்போது நெல்லி, எலுமிச்சை, ஆரஞ்சு எதைக் கொடுத்தாலும் தீயாக எரியும். நல்லது செய்கிறோம் என்று நினைத்து வற்புறுத்திக் கொடுப்பார்கள், எரிச்சலில் அவர் மற்ற சாப்பாட்டையும் சேர்த்து வெறுத்துவிடுவார். நான் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த ஆறு வாரத்தில் உங்கள் கணவருக்குத் தேவை எடை குறையாமல் இருப்பது. 3,800 ரூபாயை முட்டைக்கும் பாலுக்கும் பருப்புக்கும் செலவழியுங்கள். குழைந்த தயிர்சாதம், ஆறவைத்த ராகிக் கஞ்சி, மசித்த கீரை, நெய் விட்ட பருப்பு சாதம், பப்பாளி, வாழைப்பழம், மிருதுவாக வேகவைத்த முட்டை. காரமும் புளிப்பும் சூடும் வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பும் கால் ஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாவது கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். சாப்பாடு இறங்கவே இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் வைப்பார்கள். பயப்பட வேண்டாம், அது தற்காலிகம்தான். ஆரம்பிப்பதற்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டியாயிற்றா? கெட்டுப்போன பல் இருந்தால் தாமதிக்காமல் இப்போதே எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம்.

பீடியைப் பற்றி நீங்கள் "ரொம்பக் குறைத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். குறைப்பது போதாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் இல்லாத கட்டி, கதிர்வீச்சுக்கு இரண்டு மூன்று மடங்கு எதிர்த்து நிற்கும். சிகிச்சையின்போது புகைப்பவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு குறைகிறது. முழுசாக விட முடியாமல் தவித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நிக்கோட்டின் பேட்ச் போன்ற உதவிகள் இருக்கின்றன. ஃப்ரீ ராடிக்கலைக் குறைக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தால் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான்.

மருத்துவரிடம் சொல்வது

திட்டுவாரோ என்று பயந்து மறைக்காதீர்கள். டப்பாவையே கையில் எடுத்துப் போங்கள். எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று சொல்லுங்கள். தெரிந்தால்தான் அவர் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். ரத்தசோகை, பி12 குறைவு போன்றவை இருந்தால் அவரே மருந்து எழுதிக் கொடுப்பார். அதை மறுக்கவும் வேண்டாம். குறையைச் சரிசெய்யும் மருந்து வேறு, குறையே இல்லாமல் அளவுக்கு மீறிக் கொட்டுவது வேறு. இதுவரை சில நாள் கொடுத்துவிட்டோமே என்று குற்ற உணர்ச்சியும் வேண்டாம். கதிர்வீச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை, சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நாத்தனாரும் பணமும்

அவர் அண்ணன்மேல் உள்ள பாசத்தில்தான் செய்திருக்கிறார், அவரிடமும் யாரோ இப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள். சண்டை போட வேண்டாம். "டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்" என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டம் தடைசெய்கிறது. துணை உணவாக விற்கப்படும் மாத்திரையின் லேபிளில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று போட்டிருக்க வேண்டும், உங்கள் டப்பாவிலும் சின்ன எழுத்தில் அது இருக்கிறது. நேரடி விற்பனைக்கான 2021-ம் ஆண்டு விதிகளின்படி, இப்படி விற்கும் நிறுவனத்துக்குக் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கும் வழியும் சொல்லியிருக்க வேண்டும். பிரிக்காத டப்பாவை பில்லோடு திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். குணமாகும் என்று சொல்லி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

மாமியார்

கடைசியில் இரண்டே வரியில் நீங்கள் எழுதிய விஷயம் அவசரமானது. செயற்கை வால்வில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் அசிட்ரோம். அதோடு அதிக அளவு வைட்டமின் ஈயும் குர்க்குமினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், அசிட்ரோமை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது. நாளைக்கே ஐஎன்ஆர் என்ற, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை செய்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் அளவு மாறலாம், அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார். கறுப்பு நிறத்தில் மலம் போவது, ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு, திடீரென்று கடுமையான தலைவலி, இவற்றில் எது தெரிந்தாலும் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.